கார்பன் தாளில் கிளி

புதுக் கார்பன் தாளை வைத்து ஜாக்கெட் துணியில் பூ வரைந்தால் துணி நாசம். கை பட்ட இடமெல்லாம் நீலம் ஒட்டிக்கொள்ளும், இரண்டு முறை துவைத்தாலும் போகாது. ஐந்தாறு தடவை டைப் அடித்துத் தேய்ந்துபோன தாள்தான் அதற்குச் சரி. கோடு மெல்லிசாக விழும், எம்பிராய்டரி நூல் மேலே ஏறியதும் மறைந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, இரண்டு வெள்ளை ஜாக்கெட்டைப் பாழாக்கி நானே தெரிந்துகொண்டது. இதனால் நான் ஜெயிலுக்குப் போகப் பார்த்தேன் என்று சொன்னால் என் மகள் இன்றைக்கும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்குக் கார்பன் தாள் என்றால் என்னவென்றே காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. பெங்களூரில் ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். ரகசியக் கடிதங்கள் அடிக்கும் பிரிவு, கதவுக்கு இரண்டு பூட்டு. நான் அடித்ததில் பாதி எனக்குப் புரியாது. ஏதேதோ எண்கள், கருவிகளின் பெயர்கள், எந்த மாதம் எத்தனை எங்கே போகிறது என்கிற விவரம். எனக்கு நன்றாகப் புரிந்தது தாளின் தலையில் அடிக்கும் ‘ரகசியம்’ என்ற ஒரு சொல்தான்.

வேலையில் சேர்ந்த அன்றே அரசாங்க ரகசியச் சட்டத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தரம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் போன பிறகு நம் ஆட்கள் அதைத் தூக்கிப் போடாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி வைத்துக்கொண்டார்கள். எதிரிக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ பயன்படக்கூடிய எந்தத் தாளையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, மீறினால் ஜெயில். எதிரி யார் என்று சட்டம் பெயர் சொல்லாது. எங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. எல்லாரும் அந்த இடத்தில் பாகிஸ்தான் என்று மனதுக்குள் நிரப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

அதோடு இன்னொரு படிவமும் வரும். வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருந்தால் எழுத வேண்டும். என் அண்ணன் துபாயில் இருந்தார், எழுதினேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பிரிவின் பியூன் ‘அக்கா, கராச்சி’ என்று எழுதுவார். சிவாஜிநகர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எழுதுவதற்குத் திணறுவார் என்பதால் அவருடைய படிவத்தை நான்தான் அடித்துக் கொடுப்பேன். அந்த அக்கா கல்யாணமாகிப் போய் முப்பது வருஷமாகிவிட்டது, ஈத் பெருநாளுக்கு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான்.

“விட்ருங்களேன் பாய். எழுதலன்னா யாருக்குத் தெரியப்போவுது?” என்று ஒரு தரம் சொன்னேன்.

“அரே, கையெழுத்துப் போடுறேன் இல்லம்மா? பொய்யா போடச் சொல்றீங்க?” என்றார். நானும் அடித்துக் கொடுத்தேன்.

தேய்ந்த கார்பன் தாள்களையும் வீணான தாள்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் பாய் அதைத் தூக்கிக்கொண்டு போய் பாய்லர் அறையில் எரித்துவிட்டு, இத்தனை தாள் எரித்தாயிற்று என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. யார் நின்றார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் நான் நாலைந்து தாளை உருவிக்கொள்வேன். பாய்க்குத் தெரியும். சில வாரம் அவரே பொறுக்கி எடுத்து வைத்திருப்பார். “இந்தாம்மா, நல்லாத் தேஞ்சது. என்னா பூ இந்த வாட்டி?” என்பார். விவேக் நகரில் எங்கள் சந்தில் ஏழெட்டுப் பெண்களின் ஜாக்கெட்டில் நாட்டின் ரகசியம் பூவும் கொடியுமாக ஏறியது இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. காவிரிக் கலாட்டா நடந்த சமயம், அது ஓய்ந்தும் ஓயாமலும் ஆபீஸ் திறந்தார்கள். பஸ்ஸில் வாயைத் திறக்க எனக்குப் பயம். என் கன்னடம் சரளம்தான், ஆனால் பதறினால் நடுவில் தமிழ் எட்டிப் பார்த்துவிடும். அந்த ஒரு வாரமும் பாய் என்னோடு விவேக் நகர் பஸ்ஸில் ஏறி, கன்னடத்தில் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி, சந்து முனை வரை வந்துவிட்டு, வேறு பஸ் பிடித்து சிவாஜிநகர் போனார். அவரை நான் கேட்கவில்லை. அவராகவே வந்தார்.

அப்புறம் ஒரு நாள், வேறேதோ ஊரில் யாரோ வேவு பார்த்து மாட்டினார்கள் என்று பேப்பரில் வந்தது. எங்களுக்குப் புதிதாக ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. வந்த வாரமே ஸ்டோரில் கொடுத்த கார்பன் தாள் எவ்வளவு, எரித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பதுக்கும் மேல் காணோம். எரித்ததாகக் கையெழுத்துப் போட்டவர் பாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, இருந்த தாளையெல்லாம் வாரி வெந்நீர் அடுப்பில் போட்டேன். மெழுகு நாற்றம் வீடெல்லாம் அடித்தது. என் கணவர் வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“வாய மூடிக்கிட்டு சும்மா இரு. சின்னப் பொண்ண வச்சிருக்கோம். உன்னையா கேட்டாங்க? கேக்கல இல்ல?” என்றார்.

கேட்கவில்லைதான். பாயைத்தான் கேட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் ஸ்டூல் காலி. காலையில் வந்ததும் செக்யூரிட்டி ஆபீசில் உட்கார வைப்பார்கள், மாலையில் விடுவார்கள். கராச்சிக் கடிதங்களையெல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டோம். அதில் அக்கா மருமகளின் பிரசவத்தைத் தவிர என்ன இருந்துவிடப் போகிறது! பத்து வருஷம் ரம்ஜானுக்கு அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் தின்றவர்கள், “அக்கா அங்க இருக்காளாமே, யார் கண்டா?” என்று டீ குடித்துக்கொண்டே பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தேனா? இல்லை. அப்புறம் அவர்களைச் சொல்லி என்ன புண்ணியம்.

எனக்கு ஒரு நல்ல சாக்கு இருந்தது. எல்லாவற்றையும் எரித்தாயிற்று, இப்போது போய் நான்தான் எடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? பாயைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்பார்கள். இதையே மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் டிசைன் நோட்டைப் பிரித்தபோது நடுவில் ஒரு கார்பன் தாள் இருந்தது. அதன் மேல் பென்சில் அழுத்தி வரைந்த ஒரு கிளி, வால் இன்னும் முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் கிளியின் வயிற்றுக்குள் நான் அடித்த கடிதங்களின் வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தும் அங்கங்கே எழுத்து எழுத்தாகத் தெரிந்தன. தலையில் ‘ரகசியம்’. அடக் கடவுளே, இதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நோட்டைப் பட்டென்று மூடினேன். சாட்சி இல்லை என்ற சாக்கும் அதோடு போயிற்று.

தாளை மடிக்காமல் ஒரு பத்திரிகைக்குள் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தினமும் ஆபீசுக்குக் கொண்டுபோனேன், தினமும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். கேட்டில் பையைச் சோதித்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். டைப்பிஸ்ட் அம்மாவின் பையை யார் பார்க்கிறார்கள். இரண்டு நாள் ஜுரம் என்று லீவு போட்டேன். வியாழக்கிழமை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குழந்தை இயேசு கோயிலில் கூட்டத்தோடு நின்று, எங்கள் வீட்டு சாமி போதாதென்று அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாருக்காக ஏற்றினேன் என்றால், எனக்காகத்தான். ஒருநாள் வராந்தாவில் பாய் எதிரே வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, தாடி வளர்ந்திருந்தது. “நல்லா இருக்கீங்களாம்மா? ஜுரம்னாங்களே” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, செக்யூரிட்டி ஆபீசிலிருந்து அடிப்பதற்கு ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதிய வரைவு. போலீசுக்கு. பாயின் பெயர், தகப்பன் பெயர், சிவாஜிநகர் விலாசம், அக்காவின் கராச்சி விலாசம். ரகசியத் தாள்களை எதிரி நாட்டுக்குக் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமிருப்பதால் ரகசியச் சட்டத்தின் கீழ் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்று பிரதி வேண்டும் என்று மூலையில் குறிப்பு. நான் தாளை எடுத்தேன், நடுவில் கார்பன் வைத்தேன், மெஷினில் சுற்றினேன். பழக்கத்தில் விரல்கள் தானாக அடித்தன. அவர் பெயரில் பாதி வந்ததும் நின்றுவிட்டன. அவ்வளவுதான், இதற்கு மேல் அடித்தால் இந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட முடியாது என்று தோன்றியது. தாளை உருவி எடுத்துக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

ஆபீசர் கார்பன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா இது?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“கிளி, சார்.”

“கிளியா?”

“ஜாக்கெட்டுக்கு. கையில, இந்த இடத்துல வரும். வால் இன்னும் முடிக்கல. மத்ததெல்லாம் நான் எரிச்சுட்டேன் சார். எல்லாம் நான் எடுத்ததுதான்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் ஜெயிலுக்குத் தயாராகப் போனவள். இந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “இதுல சிரிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? அந்த மனுஷன் பன்னெண்டு நாளா இங்க வந்து உக்காந்திருக்காரு, வூட்ல சோறு தண்ணி இறங்குதோ இல்லையோ” என்று கத்திவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பாதி அடித்த கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நாலாகக் கிழித்தார். எனக்கு ஓர் எச்சரிக்கை மெமோ கொடுப்பதாகச் சொன்னார். அதே சட்டம்தான், அதே தாள்தான். என் கையில் இருந்தபோது அது ஜாக்கெட் டிசைன் ஆகிவிட்டது.

“அப்ப பாய் நாளைக்கு வேலைக்கு வரலாமா சார்?” என்று கேட்டேன்.

“வரலாம். ஆனா அந்தப் பிரிவுல வேணாம். தோட்டத்துக்கு மாத்துறேன்.”

“அதான் அவர் எதுவும் பண்ணலியே சார்!”

“அக்கா கராச்சியில இருக்கறது இருக்கறதுதானேம்மா? அது வேற விஷயம்,” என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். உண்மையிலேயே அது வேறு விஷயம் என்றுதான் நினைத்தார். என் அண்ணன் துபாயில் இருப்பது எந்த விஷயத்திலும் சேரவில்லை. பாயின் மாற்றல் உத்தரவை அன்று மத்தியானம் நான்தான் அடித்தேன். அதையும் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், தெம்பில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்துக்குப் போனேன். பாய் ரப்பர் பைப்பைப் பிடித்துக்கொண்டு செம்பருத்திச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். மன்னிச்சிடுங்க பாய் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அட விடும்மா. இங்க காத்தோட்டமா இருக்கு. பெட்டி தூக்கற வேலையும் இல்ல.”

என்னால் விட முடியவில்லை. “நான் எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் பாய் மொத நாளே சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே உங்கள விட்ருப்பாங்க இல்ல?” என்று கேட்டேன்.

அவர் பைப்பை அடுத்த செடிக்கு நகர்த்தினார். “நான் சொன்னா என்னா ஆவும்? மாட்டிக்கினான், தப்பிக்கறதுக்கு ஒரு பொம்பள மேல பழி போடறான்னுவாங்க. அப்பறம் நீங்க வந்து சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நீங்களா வந்து சொன்னாத்தான் எடுபடும். அதான் கம்முனு இருந்தேன்.”

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தண்ணீர் பாத்தியில் நிரம்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“மூணாம் நாளே வந்துருவீங்கன்னு நெனச்சேம்மா. வூட்ல அவ அழுதுக்கினே இருந்தா. கவலப்படாதே, நாளைக்கு அந்தம்மா வந்து சொல்லிரும்னு அவளாண்ட சொன்னேன். தெனமும் சொன்னேன்.”