கோணல் சுவரும் கடலை உருண்டையும்

எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவர் நூல் பிடித்தாற்போல வடக்கு நோக்கி ஓடுகிறது என்பதில் நைனாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வாஸ்துக்காரர் சொன்னார் என்று போட்ட அஸ்திவாரத்தையே தோண்டி மாற்றியவர் அவர். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அம்மாவை விடாமல் படுத்திய காய்ச்சல் விட்டது. எல்லாம் திசை செய்த வேலை என்று பால்காரர்வரை சொல்லிவிட்டார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பெங்களூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பொங்கல் லீவுக்கு டெலஸ்கோப்போடு வந்து இறங்கினார். நட்சத்திரங்களுக்கு நடுவே புகைபோலத் தெரியும் ஓரியன் நெபுலாவைப் படம் பிடிக்க வேண்டுமாம். நட்சத்திரம் நகர நகரக் கேமராவும் கூடவே திரும்பவேண்டும். அதற்கு ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்துக்கு நேராக இருக்கவேண்டும். அந்த நட்சத்திரமோ திருத்தணி மலைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"நட்சத்திரம் இன்னாத்துக்கு மச்சான்? நம்ம சுவரு கீதே, அத்த வச்சிக்கோ," என்றார் நைனா.

மாமாவும் சுவருக்கு இணையாக வைத்தார். வந்த படத்தில் நட்சத்திரங்களெல்லாம் சேமியாவாக நீண்டிருந்தன.

மறுநாள் இருட்டியதும் மாமா வேறு வழி பார்த்தார். தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் கண்ணாடிக்குள் பிடித்துவைத்து, அது மேலே நழுவினால் ஸ்டாண்டை ஒரு பக்கம், கீழே நழுவினால் மறுபக்கம் என்று துளித்துளியாகத் திருப்பினார். எனக்குக் கழுத்தே வலித்துவிட்டது. கடைசியில் நட்சத்திரங்கள் ஊசி குத்தினாற்போலப் புள்ளிகளாக விழுந்தன, நடுவே ரோஜா நிறத்தில் புகை. அடேயப்பா, என்ன அழகு! ஆனால் நேற்றுச் சுவரோடு நேராக நின்ற ஸ்டாண்டு, இன்று நன்றாகவே விலகித் திரும்பி நின்றது.

நைனா அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். "இன்னா மச்சான், நேத்து ஏன் சரியா வர்ல?"

"நைனா, நம்ம சுவரு..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், மாமா என் வாயில் ஒரு கடலை உருண்டையைத் திணித்தார்.

"சுவரு கச்சிதம் பாவா. என் ஸ்டாண்டுலதான் ஒரு ஸ்க்ரூ ஆடிக்கினு இருந்துச்சி."

நைனா சுவரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். அம்மா படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

எனக்குத்தான் மாமாமேல் எரிச்சல். இவ்வளவு படித்தவருக்குச் சுவர் கோணல் என்பதுகூடவா தெரியாது? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல், எங்கள் மாமா ஒரு மக்கு என்று சொல்லிவைத்தேன். கடலை உருண்டை மட்டும் பிரமாதம். என்மேல் இருந்த பிரியத்தில் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.