ஆண்டவர் வழியாக ஒரு ஸ்பேனர்

வாசர் அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் வைத்த புண்ணியவான் ஆளைச் சரியாக அளந்துதான் வைத்திருக்கிறார். குழாய் வேலை செய்கிறவர். எந்தக் குழாய் ஒழுகினாலும் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையத்தின் மேல் பழியைப் போட்டு, "வாசர் போச்சு" என்பார். நாளடைவில் மனிதர்களுக்கும் அதே வைத்தியம்தான். தபால்காரர் எரிந்து விழுந்தால், "அவருக்கு உள்ள வாசர் தேஞ்சிருக்கு." மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டால், "வாசர்." தனக்கும் உள்ளே ஒரு வாசர் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவளைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, கோணல் வகிடெடுத்துத் தலை வாரிவிட்டது, கடைசியில் கல்யாணம் பண்ணிவைத்தது எல்லாமே அவர்தான். மாப்பிள்ளையாகப் பிடித்தது ஓர் எலக்ட்ரீஷியனை. "தண்ணியும் கரண்டும் ஒரே குடும்பத்துல. இனிமே வெளியாளே வேண்டாம்!" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டியவர் அவர்தான். யோசிக்கவில்லை.

ஆனது இதுதான். தங்கை புது வீடு கட்டினாள். சமையலறைச் சுவருக்குள் அண்ணன் குழாய் பதித்துப் பூசி மூடினார். குழாய் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று சுவரில் ஒரு கோடாவது கிழித்திருக்கலாம். "எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் மாப்பிள்ளை விளக்கு மாட்டுவதற்காகத் துளை போடும் மெஷினை எடுத்தார். அவரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரர். ஒரே அழுத்தில் மச்சான் போட்ட குழாயில் கச்சிதமாக நடு மத்தியில் ஓட்டை போட்டார்.

"உள்ள குழாய் இருக்குன்னு சொல்ல வாயில்லையா மச்சான்?"

"துளைக்கறதுக்கு முன்னாடி கேக்க வாயில்லையா மாப்பிள்ள?"

கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். தங்கைதான் ஓடிப்போய்ச் சமையலறை வால்வை மூடினாள். "இனி இந்த வீட்டுப் படி மிதிச்சா பாரு" என்று அண்ணன் கிளம்பினார். "வேற எந்தக் குழாய்க்காரனும் இங்க கை வைக்கக் கூடாது. உடைச்சது நானாவே இருக்கட்டும். மறைச்சு வச்சவர்தான் வந்து சரி பண்ணணும்" என்று மாப்பிள்ளை சபதம் போட்டார்.

அன்றோடு தங்கையும் அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எதிர்க்கோடி வரிசையில் உட்காருவாள். கடைசிப் பாட்டு முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். வாசர் அண்ணனுக்கு அது தாங்கவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள். அவள் தெருமுனை திரும்பும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த எலக்ட்ரீஷியன்தான் அவளைத் தடுத்து வைத்திருக்கிறான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அவன் மனம் மாறினால் தங்கை திரும்பி வருவாள். அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சமயத்தில் பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தார். சத்துருவை மன்னியுங்கள், அவன் மனம் மாற ஜெபியுங்கள் என்றார். முதல் பாதி வாசர் அண்ணனுக்கு அவ்வளவாகக் காதில் விழவில்லை. இரண்டாம் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் வீட்டில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, அவனோட கல்லான இருதயத்தை மாத்தும். அந்த நக்கல் சிரிப்பை மாத்தும். முடிஞ்சா அந்த மீசையையும்" என்று விலாவாரியாக மன்றாடினார்.

"ஜெபம் மாதிரியே இல்லீங்க. போலீஸ்ல புகார் குடுக்கற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

சங்கடம் என்னவென்றால், அதே பிரசங்கத்தை மாப்பிள்ளையும் கேட்டிருந்தார். அவருக்கும் பிடித்தது அதே இரண்டாம் பாதிதான். வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடினால் இவர்கள் கச்சேரி ஆரம்பமாகிவிடும். "ஆண்டவரே, சுவருக்குள்ள குழாயை மறைக்கிற மாதிரி மனசுக்குள்ள பெருமையை மறைக்கிறவங்களைத் தொடும்" என்பார் மாப்பிள்ளை. "கண்ட எடத்துல ஓட்டை போடற கைகளைக் கட்டும் ஆண்டவரே" என்பார் அண்ணன். நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு ஆமென் சொல்வதென்று தெரியாமல் இரண்டுக்கும் சொல்லிவைப்பார்கள்.

பாஸ்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு வேலை செய்தார். ஆலயத்தில் புதிதாக ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருந்தார்கள். குளிர்காலம். வயதானவர்கள் நடுங்காமலிருக்க வெந்நீர் வேண்டும். தண்ணீர் வேலைக்கு வாசர் அண்ணன், ஹீட்டர் வேலைக்கு மாப்பிள்ளை என்று அறிவித்துவிட்டு, "ஒண்ணா செய்யுங்க. நான் மத்தியானம் வந்து பாக்கறேன்" என்று நழுவிவிட்டார்.

இருவரும் வந்தார்கள். பேசுவதில்லை என்பது வைராக்கியம். பேசாமல் வேலை நடக்காது. கருவிகளைத் தரையில் பரப்பிவைத்தார்கள். பிறகு வாசர் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, அந்தப் பெரிய ஸ்பேனரை இங்க நகர்த்தும்படி பக்கத்துல இருக்கறவரோட உள்ளத்தை ஏவும்" என்றார்.

ஸ்பேனர் தரையில் உருண்டு வந்து அவர் காலில் முட்டியது.

"ஆண்டவரே, கேட்டவருக்கு நன்றின்னு ஒரு வார்த்தை உண்டுன்னு உணர்த்தும்" என்றது எதிர்ப்பக்கம்.

"உமக்கே நன்றி ஆண்டவரே. உமக்கு மட்டும்."

இப்படியே வேலை ஓடியது. தொட்டியின் அளவு, குழாயின் உயரம், ஒயரின் நீளம் எல்லாம் மேலே போய்க் கீழே வந்தன. அவ்வளவு அலுவல்களுக்கு நடுவே ஆண்டவர் இந்த இரண்டு பேருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டாயிற்று. மாப்பிள்ளை ஹீட்டரைச் சோதிக்க கரண்ட் கொடுத்தார். ஒயரில் ஓரிடத்தில் இரண்டு துண்டை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தது. அதற்கு டேப் சுற்ற வேண்டும். அதற்குள் அவருக்கு ஜெபித்தே ஆக வேண்டுமென்ற பாரம் வந்துவிட்டது. டேப்பைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடி, மச்சானின் பெருமையைப் பற்றி நீளமாக ஜெபிக்க ஆரம்பித்தார். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. ஆமென் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது அந்தச் சபையின் எழுதாத சட்டம். வாசர் அண்ணனும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார்.

சலசலவென்று சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார். தொட்டி நிரம்பி வழிகிறது. புதுக் கம்பளத்தை நனைத்துக்கொண்டு தண்ணீர் நேராக அந்த ஒட்டுப் போட்ட ஒயரை நோக்கிப் போகிறது. பக்கத்தில் மாப்பிள்ளை வெறுங்காலோடு, கண்ணை மூடி, மச்சானின் பெருமையில் இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தார்.

"ஆண்டவரே, இவரைச் சீக்கிரம் ஆமென் சொல்ல வையும்" என்று வாசர் அண்ணன் பதறினார். பழக்க தோஷம். ஆமென் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது.

"மாப்பிள்ள! மேல ஏறு! பெஞ்சு மேல ஏறுடா!"

சட்டம், வைராக்கியம், ஆண்டவர் எல்லாவற்றையும் தாண்டி வந்த அந்தக் கத்தலில் மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே பெஞ்சில் ஏறிவிட்டார். அண்ணன் வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். திரும்பி வந்து குழாயை மூடிவிட்டு, அதே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சுற்றிலும் தண்ணீர்.

"நான் ஜெபத்துல இருந்தேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மூச்சு வாங்கியபடி. "குறுக்க பேசிட்டீங்க."

"எது வரைக்கும் வந்திருந்த?"

"உங்க பெருமை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. சிரித்து, கண்ணீர் வந்து, கட்டிப்பிடித்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று ஒருவரும், "ஒரு கோடு போட்டிருக்கணும்" என்று மற்றவரும் மாறி மாறிச் சொன்னார்கள். பாஸ்டர் வந்தபோது அவருக்கும் கண் கலங்கியது. பாதி இவர்களுக்காக, பாதி கம்பளத்துக்காக.

தங்கையிடம் சொல்ல வேண்டுமே! சொட்டச் சொட்ட நனைந்த கோலத்தில், தோள்மேல் கை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வாசர் அண்ணன் அந்தப் படியை மிதித்தார். உள்ளே தங்கை, குளியலறையிலிருந்து நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், கதவிடுக்கில் இடுப்பை ஒடித்துத் திரும்பினாள். பழகிய நடை அது.

"பாத்தியாம்மா! நாங்க சமாதானம் ஆயிட்டோம்!"

வாளியைக் கீழே வைத்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

"சந்தோஷம் இல்லையா? இவன் உன்னைத் தடுத்து வச்சிருந்தான்னுதானே நான் இத்தனை நாள்..."

"என்னை யாரும் தடுக்கலண்ணே. எனக்குத்தான் உம்மேல கோவம். அவர் மேலயும்தான். ஒரே வீட்டுல இருக்கறதால அவருக்குச் சாப்பாடு போடறேன், அவ்வளவுதான். நீ அவர் இருதயத்துக்காக ஜெபிச்ச. அவர் உன் இருதயத்துக்காக ஜெபிச்சாரு. தண்ணி நான் தூக்கினேன்." மூச்சு விட்டாள். "பாஸ்டர் சொன்னாருன்னு நானும் தினமும் ஜெபிச்சேன். எனக்கு சத்துரு ரெண்டு பேரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாராவது நிற்கிறார்களா என்று வாசர் அண்ணன் பின்னால்கூடத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணை மூடி, கையை உயர்த்தினார்.

"ஆண்டவரே, என் தங்கச்சியோட உள்ளத்தை..."

"கண்ணைத் தொறண்ணே."

திறந்தார்.

"அவருக்கு எல்லாம் தெரியும். எங்கிட்ட சொல்லு."

அவள் உள்ளங்கை தெரிந்தது. வாளிக் கைப்பிடி பட்டுப் பட்டுக் காய்த்துப் போயிருந்தது. சாலையைக் கடக்கும்போது அவர் பிடித்துக்கொண்டு போன கை. அத்தனை மாதம் மடை திறந்த மாதிரி ஜெபித்த மனிதர் உயர்த்திய கையை இறக்கினார்.

"தப்பு என்னோடதும்மா" என்றார் ஒருவழியாக. "உன்னை நான் நெனச்சே பாக்கல. மன்னிச்சிரு."

மாப்பிள்ளையும் தலைகுனிந்து ஏதோ முனகினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சேன்னு இப்பவே சொன்னா ரெண்டு பேரும் ஒரு பாட்டுப் பாடிட்டு உக்காந்துடுவீங்க. மொதல்ல அடுப்படிக்குத் தண்ணி வரட்டும்."

வாசர் அண்ணன் தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அவளை முந்திக்கொண்டு மாப்பிள்ளை குனிந்து வாளியைத் தூக்கினார். தூக்கியவர் இரண்டடி போனதும் கீழே வைத்து, கை மாற்றி, மறுபடி தூக்கினார்.