ஒப்பு இலை

மூசையை எடைபோடும்போது சாம்பலக்கா மூச்சு விடமாட்டார். இலைத்தூளை இட்டு எரிக்கும் சின்னப் பீங்கான் கிண்ணம்தான் மூசை. அதை இடுக்கியால் தூக்கித் தராசில் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, கடைசி எண் அசையாமல் நிற்கும்வரை வாயை இறுக்கிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே சட்டம். ஒருமுறை நான் தும்மித் தொலைத்துவிட்டேன். "மூணு மணி நேர வேலைய ஒரே ஊதா ஊதிட்டியேப்பா!" என்றவர், அப்புறம் அரைநாள் என்னோடு பேசவே இல்லை.

மூலிகை இலைகளில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் கூடம் எங்களுடையது. ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, நார், சுண்ணாம்பு, இரும்பு எவ்வளவு என்று அவர் கண்டுபிடிப்பார்; நான் தட்டச்சு செய்வேன். உலையில் எல்லாம் எரிந்தபின் மிஞ்சும் வெள்ளைச் சாம்பல்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. "பச்சையா இருக்கறப்ப எல்லா இலையும் அழகாத்தான் இருக்கும். உள்ள இருக்கறத சாம்பல்தான் சொல்லும்" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. திங்கட்கிழமைதோறும் தன் வீட்டு பால்கனித் தொட்டியிலிருந்து நாலு கற்பூரவல்லி இலை கிள்ளிக்கொண்டு வருவார். அதன் எண்கள் அவருக்கு மனப்பாடம். முதலில் அதைச் சோதிப்பார். பழைய எண்களே வந்தால் கருவிகள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். 'ஒப்பு இலை' என்று அதற்குப் பெயர். ஆறு வருடமாக அது இம்மியும் பிசகியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பிசகியது. சாம்பல் கரைசலைச் சுடரில் தெளித்து உப்புகளை அளக்கும் கருவியில், எப்போதும் பூஜ்யத்தில் கிடக்கும் லித்தியம் அளவு எழும்பி நின்றது. "லித்தியம் புட்டிய நான்தான் திறந்து போட்டிருப்பேன், மறதி கழுத!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கழுவி மறுபடி பார்த்தார். மற்ற இலைகளில் பூஜ்யம். அவர் வீட்டு இலையில் மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. நாலாவது வாரம் அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் லித்தியம் எதில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

அக்காவின் தம்பி சாப்பிடும் மாத்திரை அது. மனம் கட்டறுத்துக்கொண்டு ஓடாமல் பிடித்துவைக்கிற மருந்து. காலையில் இரண்டு மாத்திரை. அக்காதான் கையில் கொடுப்பார். அப்படியும் இரத்தத்தில் அளவு ஏறவே இல்லை. அடுத்த சோதனையிலும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முன்பு ஒருமுறை அங்கே எட்டு மாதம் இருந்துவிட்டு வந்த தம்பி, கதவைத் திறந்த அக்காவையே "நீங்க யாருங்க?" என்று கேட்டாராம்.

நாலாவது வார எண் வந்த அன்றைக்கே அக்கா தம்பியிடம் கேட்டிருக்கிறார். அவர் ஒன்றும் மறைக்கவில்லை.

"ஆளுக்கு ஒண்ணுக்கா. எனக்கு ஒண்ணு, செடிக்கு ஒண்ணு, மண்ணுல புதைச்சுடுவேன். ராத்திரியெல்லாம் 'எரியுது, எரியுது'ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, உனக்குக் கேக்கலையா? மாத்திர குடுத்தப்புறம்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு."

மறுநாள் இதை என்னிடம் சொன்ன அக்கா, உலைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பறிச்சுட்டுப் போற இலைய என்ன பண்றேன்னு வீட்ல நான் சொன்னதே இல்லப்பா. அவன் இங்க வந்ததும் இல்ல."

ஆனால் அக்கா லேசுப்பட்டவர் இல்லை. சாக்கட்டியைச் செதுக்கி மாத்திரை மாதிரியே செய்துவிட்டார். காலையில் தம்பி பார்க்க அதைத் தொட்டி மண்ணில் அழுத்துவார். "செடிக்குக் குடுத்தாச்சு. இது ரெண்டும் உனக்கு, முழுங்குடா கண்ணு." தம்பியும் சமர்த்தாக விழுங்கினார். போன வாரச் சோதனையில் இரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

இந்தத் திங்கட்கிழமை காலை, அவரை வண்டியில் அழைத்துப்போக வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி இரண்டு மாத்திரையையும் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனார். அக்கா வழக்கம்போல இலை கிள்ளத் தொட்டியிடம் குனிந்தார். விரல் காம்பைத் தொட்டது, கிள்ளவில்லை. உள்ளே தம்பி இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, காதை இலையோடு ஒட்டி வைத்தார். தராசின் முன் நிற்பதுபோலவே வாயை இறுக்கிக்கொண்டார்.

"நேரமாச்சுக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அசையாமல், கண்ணாலேயே என்னை அடக்கினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.