பதுளையில் பொங்கிய பால்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு அரிசிக் கடையின் மாடியில் எனக்கு வாடகை அறை. தையல் வேலைக்காக மதுரையிலிருந்து இலங்கைக்கு வந்திருக்கிறேன். விசா ஆறு மாதம். வந்து இறங்கியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எப்போது திரும்பிப் போகிறாய்? எரிச்சலாக வருகிறது.

பெட்டியைக்கூடத் திறக்காமல் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் வைக்கிறேன். புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும். கிழக்கே வழிந்தால் இன்னும் நல்லது.

மண்ணெண்ணெய் நாற்றம் கீழே எட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா படியேறி வருகிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, டவுனில் இந்தக் கடையைப் போட்டவர்.

“என்னா தம்பி இது? சொந்த வீட்டுக்குல்ல பால் காய்ச்சுவாங்க. இது வாடகைக் காம்பராதானே. ஆறு மாசத்துல போற ஆளுக்கு எதுக்கு இந்தக் கூத்து?”

“ஆறு நாள் இருந்தாலும் காய்ச்சுவேன் அக்கா. சத்திரத்துல படுக்க நான் வரல.”

“தரையெல்லாம் கறையாகும். எறக்குங்க!”

நான் இறக்கவில்லை. பால் விளிம்புக்கு ஏறுகிறது. திட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடிக் குனிந்து, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கிறார்.

“கெழக்கால ஊத்துது!” என்கிறார், தன்னை மறந்து. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, “தொடைச்சு விடுங்க” என்கிறார்.

“அப்புறம் தொடைக்கிறேன். உக்காந்து ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க. என் வீட்டுக்கு வந்திருக்கீங்க.”