கழுத்துக்குக் கீழே அப்பா

நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் என் மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் ஃப்ளாட்டில் போன மாதம் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஹால் முழுக்க டர்பன்டைன் வாடை. எனக்குத் தலைவலி. அம்மாவோ அதை நன்றாக இழுத்து மோந்துவிட்டு, "அவரப் பாக்கணும் போல இருக்குடி. அழைச்சுண்டு போறியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அம்மாவுக்கு நினைவு தப்புகிறதோ என்ற பயத்தில், "யாரம்மா?" என்றேன்.

"உங்கப்பாவத்தான். சட்டசபைல ஸ்பீக்கர் படமெல்லாம் மாட்டிருக்காளே, அங்க."

நினைவு தப்பவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி அம்மா வாய் திறந்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

உங்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். அப்போது நாங்கள் நகரத்துக்குள் ஸ்ரீவராகத்தில் இருந்தோம். அப்பா சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதினார். மண்டியில் முதலாளி பேசுவார், வீட்டில் அம்மா பேசுவாள். அப்பா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பது அம்மாதான். பெரும்பாலும் அவர் நினைத்ததற்கு நேர்மாறாக. நான் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் அப்பா பேச ஏதாவது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அப்பா காணாமல் போகத் தொடங்கினார். சாயங்காலம் ஒரு காட்டமான வாடையோடு திரும்பி வருவார். அது சாராயம்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். நானும் ஆமோதித்தேன். எங்கள் இருவருக்குமே சாராயம் எப்படி மணக்கும் என்று தெரியாது, அது வேறு விஷயம்.

"எங்க போயிட்டு வரேள்?"

"சும்மா, ஒரு எடத்துல ஒக்காந்துட்டு வரேன்."

"அந்த மாதிரி எடத்துல எல்லாரும் ஒக்காந்துண்டுதான் இருப்பா" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. தட்டை வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அக்ரகாரத்தில் பேர் கெட்டுவிடும், எனக்கு வரன் வராது என்று என்னிடம் அழுவாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே கரமனை வரை நடந்தாள். அப்பா ஓர் ஓட்டு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு நாங்களும் நுழைந்தோம். உள்ளே பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தூரிகைகள் நின்றன.

பிள்ளை என்ற ஓவியரின் வீடு அது. கொஞ்ச நாள் முன்பு காலமாகியிருந்த ஒரு சபாநாயகரின் ஆளுயரப் படத்தை வரையும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. கையில் இருந்ததோ பத்திரிகையில் வந்த முகம் மட்டும். இந்த மாதிரிப் படங்களுக்கு வழக்கம் ஒன்று உண்டு: முகம் போட்டோவிலிருந்து, உடம்பு அதே வாகுள்ள வேறோர் ஆளிடமிருந்து. பிள்ளை மண்டிக்கு அரிசி வாங்க வந்தபோது அப்பாவின் வாகைப் பார்த்துவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு நாங்கள் முதலில் பார்த்தது படத்தைத்தான். அப்பாவின் சரிந்த இடது தோள், அப்பாவின் முழங்கால், அப்பா உட்காரும் விதம். அதற்கு மேலே பேப்பரில் சாவுச் செய்தியோடு வந்த முகம். அம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். படத்துக்கு எதிரே உயரமான நாற்காலியில், கஞ்சி போட்ட ஜுப்பாவும் தோளில் நேரியதுமாக, அப்பா எங்களைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"எறங்குங்கோ" என்றாள் அம்மா. "செத்தவர் எடத்துல உசுரோட ஒக்காரறதா?"

அம்மா பயப்படுவாள் என்று தெரிந்துதான் அப்பா சொல்லாமலே இருந்திருக்கிறார். குடிகாரன் என்ற பேரே மேல் என்று விட்டிருக்கிறார்.

"மாமி, அர மணிக்கூர் கூட இருந்தா மதி, போதும், கை மட்டும்தான் பாக்கி" என்றார் பிள்ளை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "மாமா போட்டிருக்கறது ஸ்பீக்கர் சாரோட சொந்தம் ஜுப்பாவாக்கும். அவரு வீட்டிலேந்து தந்ததாணு" என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், அந்த ஜுப்பாவோடேயே தலையில் தண்ணீர் இறைத்துக் கொட்டினாள். பிள்ளை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்த நாற்காலில ஒக்காந்தா, நான் பேசப்போறேன்னு எல்லாரும் காத்துண்டிருக்கா மாதிரி இருந்தது."

"என்ன முணுமுணுப்பு?" என்று அம்மா திரும்பினாள். அப்பா ஒன்றுமில்லை என்றார்.

அம்மா பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா என் கல்யாணத்தையும் பேரனையும் பார்த்துவிட்டு, வயதாகித் தூக்கத்தில் போனார். ஸ்ரீவராகத்து வீட்டை விற்று இங்கே வந்தபோது, அவர் இருந்த ஒரே படமான கல்யாணப் போட்டோவும் ஈரத்தில் ஊறி வெறும் காகிதமாகியிருந்தது. அம்மா ஏன் இப்போது அங்கே போகவேண்டும் என்கிறாள் என்பது எனக்கு உறைக்க ஒரு நாள் ஆயிற்று.

சட்டசபைக்குப் போனோம். சுவர் நெடுகச் சபாநாயகர்கள். பழையவர்கள் தைல வண்ணத்தில், கறுப்புக் கோட்டிலும் கதரிலும் விறைப்பாக. பிந்தியவர்கள் பளபளவென்று போட்டோவைப் போலச் சிரித்துக்கொண்டு. அம்மா நேராகப் போய் ஒரு படத்தின் முன் நின்றாள். உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, படத்தின் தலையை மறைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கையை இறக்கவில்லை.

காவலுக்கு நின்ற இளைஞர் அருகில் வந்து, "அம்மா, ஸ்பீக்கர் சாரோட வீட்டுக்காரியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அம்மா. "என் ஆத்துக்காரர்."

செத்தவரின் சட்டை பட்டதற்குத் தண்ணீர் கொட்டியவள் இவள். இளைஞர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். அம்மா அதில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, படத்தை நிமிர்ந்து பார்த்தபடி பேசாமலிருந்தாள். அவர் ஏதோ சொல்லப்போகிறார், குறுக்கே பேசக்கூடாது என்பது போல.

திரும்பி வரும்போது காரில் அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று யோசித்தேன். அவர் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் வந்தன. குரல் வரவில்லை. பதறிப்போய் அம்மாவிடம் கேட்டேன்.

கார் பட்டம் சந்திப்பை எட்டும்வரை யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் வரலடி" என்றாள்.