மேல்மாடியும் இரும்புக் கையும்

எங்கள் சித்தப்பாவுக்கு மின்சார ரயில் ஷெட்டில் வைத்த பட்டப்பெயர் 'மேல்மாடி'. வேலை முழுக்க இன்ஜின் கூரை மேல்தான். மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க, கூரையில் மடங்கி விரிகிற ஓர் இரும்புக் கை இருக்கும். அதைத் துடைப்பது, கிரீஸ் வைப்பது, கம்பியில் உரசித் தேய்ந்த கரிப்பட்டையை மாற்றுவது என்றே அவர் காலம் ஓடியது. 'மேல்மாடி காலி' என்று கிண்டல் செய்யாத ஆள் ஷெட்டில் கிடையாது.

"காலியா இருந்தாத்தான் பரவாயில்லையே, அங்க ஒரே கேள்வியா இல்ல குடியிருக்கு" என்பாள் சித்தி.

உண்மைதான். மனிதர் எதைக் கண்டாலும் குடைவார். வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்து மாட்டினால் ஒரு திருகாவது மிச்சம் இருக்கும். ஆனால் அவரை விடாமல் அரித்த கேள்வி ஒன்றுதான். அந்தக் கை தானாக எழும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?

கையால் தூக்கிக் கட்டி எத்தனையோ முறை வேலை பார்த்திருக்கிறார். ஆனால் காற்றழுத்தம் கொடுத்து அது எழும் நேரத்தில் கூரையில் ஆள் நிற்கக் கூடாது. கம்பியில் மின்சாரம் இருக்கும், தொட்டால் ஆள் கரிக்கட்டை. அதனால் ஒவ்வொரு முறையும் இறங்கி, தள்ளிப் போய், எல்லோரையும் போல அண்ணாந்து பார்ப்பார். சமைத்தவரையே சாப்பிட விடாத கொடுமை இது. எனக்கே கோபம் வரும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த ரக இன்ஜின்களும் ஒவ்வொன்றாக உடைக்கப் போயின. கடைசி ஒன்று, மேலே கம்பியில்லாத தனித் தண்டவாளத்தில், சக்கரத்தைச் செடி மூடி நின்றது. அதன் முகத்தை, அதாவது டிரைவர் அறையை மட்டும் அறுத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். கூரையும் கையும் பழைய இரும்புக்கு.

"மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கைய வெட்டுவாங்களாமே!" என்று சித்தப்பா நேராக அருங்காட்சியக அதிகாரியைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன்.

அந்த அம்மா நல்லவர். உட்காரச் சொல்லித்தான் பேசினார். "முழுசா வைக்க இடம் இல்லைங்க. கைய மட்டும் எடுத்து வெச்சா, பாக்கறவங்களுக்கு அது மடங்கிக் கிடக்கிற இரும்பு. அவ்வளவுதானே?"

"எழுந்து காட்டுனா?"

"இத்தன வருசம் கழிச்சா? எழுந்துச்சுன்னா நிச்சயமா எடுத்துக்கறேன். அறுக்கிற ஆளுங்க அடுத்த வாரம் வர்றாங்க. அதுக்குள்ள காட்டுங்க."

அந்த இன்ஜினில் காற்று தீர்ந்துபோனால் கையை எழுப்ப டிரைவர் அறையிலேயே ஒரு கை பம்ப் உண்டு. அதன் தோல் வாஷர் அப்பளமாகக் காய்ந்திருந்தது. வெட்டிப் புதிது போட்டார். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வந்த இடமெல்லாம் அடைத்தார். இதற்குள் சித்தியின் பழைய கைப்பை ஒன்று காணாமல் போயிருந்தது. தோல் எங்கிருந்து வந்தது என்று சித்தி கேட்கவில்லை, முறைத்தாள்.

குறித்த நாளில் அதிகாரி வந்து நின்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூட்டுகள் சிக்கினால் தட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சித்தப்பா மேலே ஏறினார். எதற்கு ஏறினார் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன! பம்ப் அடிக்கும் வேலை சித்தி தலையில் விழுந்தது.

"எந்திரிச்சுச்சா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"இல்ல, அடி!"

அடித்தாள். எங்கோ உஸ்ஸென்றது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். சித்தப்பா ஒரு மூட்டில் சுத்தியலால் தட்டினார்.

"எந்திரிச்சுச்சா? எனக்குத் தோள் கழண்டுடும்போல இருக்கு!"

துரு பொலபொலவென்று உதிர்ந்தது. கை ஒரு குலுங்கு குலுங்கி எழுந்தது. அவர் முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தலையையும் தாண்டியது. வழக்கமாகக் கம்பி தடுத்து நிறுத்தும் உயரம் அவருக்குத் தெரியும். இங்கே தடுக்கக் கம்பியில்லை. அது பாட்டுக்கு இன்னும் மேலே போய், முழுதாக விரிந்து நின்றது. அந்தக் கை அவ்வளவு நீளும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"எந்திரிச்சுச்சான்னு கேக்கறேன்ல!"

பதில் இல்லை. ஆள் விழுந்துவிட்டாரோ என்று சித்தி பதறி ஓடி வந்தாள். அவள் வெளியே வருவதற்குள் காற்று இறங்கி, கை மடங்கிப் படுத்துவிட்டது. சித்தப்பா கூரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதிகாரி கை தட்டினார். கை எழுந்ததைச் சித்தி மட்டும் பார்க்கவில்லை.

இப்போது அருங்காட்சியகத்தில் முகம் உள்ளே இருக்கிறது. கூரைத் துண்டோடு கை வெளியே, திறந்த முற்றத்தில். பக்கத்தில் நின்று பார்க்க ஒரு மேடை, கீழே பம்ப். திறந்த அன்று சித்தப்பா வேகமாக மேடைப் படியில் கால் வைத்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் சித்தி. "இந்தத் தடவ நீங்க அடிங்க."

அவள் ஏறினாள். அவர் குனிந்து அடித்தார். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"எந்திரிச்சுச்சா?" என்று கேட்டார்.

பதில் இல்லை. சித்தப்பா சிரித்துக்கொண்டே இன்னும் நன்றாக அடித்தார்.