வேலிக்கு மேல் ஒரு கை

எங்கள் ஊரும் பிரான்சில் ஏதோ ஒரு ஊரும் நட்பு ஊர்களாகிவிட்டன என்று சொல்லி, ஒரு பிரெஞ்சுக்காரரை சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். கொழிஞ்சாம்பாறை வெயிலில் காது இரண்டும் சிவந்துபோன நெட்டை மனிதர். காலையில் கண்ணில் படுகிற எல்லோருக்கும் கைகொடுப்பார். பால் கறக்க வந்தவரையும் விடவில்லை.

"ஏனுங்க, அவரு பெரியப்பா ஊட்டுப் பக்கம் போறாருங்க!" என்று என் மனைவி பதறினாள். நான் ஓடுவதற்குள் வேலிக்கு மேல் கைகுலுக்கல் முடிந்துவிட்டது. வரப்புத் தகராறில் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை விருந்தாளிக்கு விளக்கினேன்.

"அவர் வேறு ஊரா?" என்று கேட்டார்.

"இல்லை, என் அப்பாவின் அண்ணன்."

என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வேன் வந்து அவரை அழைத்துப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வேலியோரம் வந்து, வேலிக்கு மேல் நீட்டினார்.

"போயிட்டாரா, கண்ணு?"

"போயிட்டாருங்க."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அது யாருக்கு நீட்டிய கை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. குலுக்குவதா கும்பிடுவதா என்று தெரியாமல், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.